மைனஸ் 0.80

ஆஃப்-கேம்பஸ் வேலை விளம்பரங்களைத் தினமும் புரட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் கடைசி வரி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். இந்த வருட பேட்ச், போன வருட பேட்ச் மட்டும். கேப் ஓராண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் ஓடிவிட்டால், அந்த இரண்டு வருடமே அடுத்த வேலையும் கிடைக்காமல் போகக் காரணம். படித்தது அதே சிலபஸ், வாங்கியது அதே சி.ஜி.பி.ஏ. தேதி மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதை நம்ம ஊர் ஹெச்.ஆர்.களின் குணம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கோரி க்ரோஃப்ட், ஃபாபியன் லாங்கே, மாத்யூ நோட்டோவிடிக்டோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். 100 பெருநகரப் பகுதிகளில் வெளியான சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்கு, சுமார் 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். எத்தனை மாதமாக வேலையில்லை என்பதை மட்டும் குலுக்கல் முறையில் மாற்றினார்கள். முடிவு 2013-இல் வெளியானது. வேலையில்லாத மாதங்கள் கூடக் கூட, நேர்காணலுக்கு வரும் அழைப்பு குறைந்தது. அந்தச் சரிவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. இன்னொரு விஷயம்தான் என்னை உறுத்தியது. வேலை தாராளமாகக் கிடைக்கிற ஊர்களில்தான் இந்தச் சரிவு அதிகம். "இவ்வளவு வேலை இருந்தும் இவனுக்குக் கிடைக்கலைன்னா, இவன்கிட்டதான் ஏதோ கோளாறு" என்று முதலாளி கணக்குப் போடுகிறார்.

பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ வேலையில்லாமல், வேலை தேடிக்கொண்டே இருப்பவர்களைத்தான் பல நாடுகளின் புள்ளிவிவரம் 'நீண்டகால வேலையில்லாதோர்' என்கிறது. இவர்களை வேலைக்குத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. பயிற்சி கொடுப்பது, ஆலோசகரை நியமிப்பது, "இவரை எடுத்தால் சம்பளத்தில் பாதியை நாங்கள் தருகிறோம்" என்று கம்பெனிக்கு ஆசை காட்டுவது, வேலை தேடவில்லையென்றால் உதவித்தொகையை வெட்டுவேன் என்று மிரட்டுவது. நாட்டுக்கு நாடு கலவை மாறும், சரக்கு இதுதான்.

ஆஸ்திரியாவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒரே அரசு நிறுவனம், ஏறக்குறைய ஒரே நேரத்தில், இந்தச் சிக்கலுக்கு நேர் எதிரான இரண்டு விடைகளை முயன்று பார்த்தது. ஒன்றை நம்மில் பலர் ஒரு மதியத்தில் கோடு எழுதி முடித்துவிடுவோம். இன்னொன்றுக்கு மரப்பட்டறையும் தோட்டமும் தேவைப்பட்டது.

முதலில் அந்தக் கோடு.

அந்த நிறுவனத்தின் பெயர் ஏ.எம்.எஸ். நம்ம ஊர் வேலைவாய்ப்பு அலுவலகம் மாதிரி, ஆனால் பல மடங்கு வேலை செய்வது. உதவித்தொகை, பயிற்சி, ஆலோசனை எல்லாம் அதன் வழியாகத்தான். ஆள் குறைவு, பணம் குறைவு, வரிசை நீளம். எனவே யாருக்கு எவ்வளவு செலவு செய்வது என்று முடிவு செய்ய ஒரு கணினி அமைப்பைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். 2018-இல் அதன் விவரத்தை வெளியிட்டார்கள். வேலையில்லாத ஒவ்வொருவரும் மூன்று குழுக்களில் ஒன்றில் விழுவார். அடுத்த ஏழு மாதத்துக்குள் 90 நாளாவது வேலையில் இருக்க 66 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்றால் உயர் குழு. இரண்டு ஆண்டுக்குள் 180 நாளாவது வேலையில் இருக்க 25 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு என்றால் தாழ் குழு. மீதிப் பேர் நடுவில்.

உயர் குழுவுக்குப் பெரிதாக உதவி வேண்டாம், அவர்களே தேடிக்கொள்வார்கள். தாழ் குழுவுக்கு விலை உயர்ந்த தொழிற்பயிற்சி கொடுத்தாலும் பலன் குறைவு என்பது அவர்கள் வாதம். அவர்களை வேறு ஆலோசனை மையங்களுக்கு அனுப்பிவிடலாம். ஆக, நல்ல பயிற்சிக்கான பணம் நடுக் குழுவுக்கு.

உள்ளே இருந்தது என்ன? டீப் லேர்னிங் எல்லாம் இல்லை. நாம் செமஸ்டரில் படிக்கிற அதே லாஜிஸ்டிக் ரிக்ரெஷன். வெளியிட்ட ஆவணத்தில் குறுகியகாலக் கணிப்புக்கான ஒரு மாதிரிச் சமன்பாட்டை வெயிட்டுகளோடு அப்படியே போட்டிருந்தார்கள். (அந்த வெளிப்படைத்தன்மைக்கு ஒரு சபாஷ். மற்ற நாட்டு அரசுகள் பலவும் இவ்வளவு கூடச் சொல்வதில்லை.) சிலதைப் பாருங்கள்.

தொடக்க எண் 0.10. நீங்கள் பெண் என்றால் மைனஸ் 0.14. வயது 30-லிருந்து 49-க்குள் என்றால் மைனஸ் 0.13, ஐம்பதைத் தாண்டிவிட்டால் மைனஸ் 0.70. உடல்நலக் குறைபாடு இருந்தால் மைனஸ் 0.67. குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருந்தால் மைனஸ் 0.15, ஆனால் இது பெண்களுக்கு மட்டும்தான் கணக்கில் வரும். அப்பாக்களுக்கு அந்தக் கட்டமே கிடையாது. தொழிற்கல்வி முடித்திருந்தால் பிளஸ் 0.28. முன்பு நீண்ட நாள் வேலையில்லாமல் பதிவேட்டில் இருந்திருந்தால் மைனஸ் 0.80.

பேப்பரும் கால்குலேட்டரும் இருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள். முப்பது வயதுக்குட்பட்ட ஓர் ஆஸ்திரிய ஆண், மற்றக் கட்டங்கள் எல்லாம் காலி. கூட்டுத்தொகை 0.10. சிக்மாய்டில் போட்டால் 52 சதவீதம் சொச்சம். அதே ஆள், எல்லாம் அதே, நீண்டகால வேலையின்மை மட்டும் ஒரு டிக். கூட்டுத்தொகை மைனஸ் 0.70. வாய்ப்பு 33 சதவீதம். இப்போது ஐம்பது தாண்டிய ஒரு பெண், உடல்நலக் குறைபாடு உண்டு, நீண்ட நாளாக வேலையில்லை. 0.10-லிருந்து 0.14, 0.70, 0.67, 0.80 எல்லாவற்றையும் கழியுங்கள். மைனஸ் 2.21. வாய்ப்பு 10 சதவீதம்.

இதைப் பார்த்துக் கொதித்தவர்கள் நிறைய. ஏ.எம்.எஸ். தரப்பும் ஒரு பதில் சொன்னது, அதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. மாடல் பெண்களை வெறுக்கவில்லை, சந்தையில் ஏற்கனவே இருக்கும் பாகுபாட்டை அளந்து காட்டுகிறது, தெர்மாமீட்டரைத் திட்டி என்ன பயன், கடைசி முடிவு ஆலோசகர் கையில்தான் என்றார்கள். தெர்மாமீட்டர் வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காய்ச்சல் அதிகமாக இருப்பவருக்கு மருந்தைக் குறைப்பதற்காக எந்த ஆஸ்பத்திரியும் தெர்மாமீட்டர் வைப்பதில்லை. இங்கே தாழ் குழுவில் விழுந்தால் நல்ல பயிற்சி குறையும், பயிற்சி குறைந்தால் வேலை கிடைக்காது, கிடைக்காவிட்டால் 'நீண்டகாலம்' என்ற டிக் விழும். அடுத்த தடவை மாடல் அவரைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்னும்.

அந்தச் சமன்பாட்டில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு, மெஷின் லேர்னிங் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது. முன்பு ஏ.எம்.எஸ். நடத்திய உதவித் திட்டங்களில் கலந்துகொண்டவர்களுக்கும் மைனஸ்தான், 0.21 முதல் 0.57 வரை. திட்டத்துக்குப் போனதால் வாய்ப்பு குறைந்தது என்று இதற்குப் பொருளா? அப்படிச் சொல்ல முடியாது. ஏற்கனவே கஷ்டத்தில் இருப்பவர்களைத்தான் அந்தத் திட்டங்களுக்கு அனுப்புவார்கள், ஆகவே திட்டத்தில் இருந்தது என்பதே கஷ்டத்தின் அடையாளமாக மாடலுக்குத் தெரிகிறது. மாடலுக்கு இருப்பது கோ-ரிலேஷன் மட்டும். காரணம் என்ன என்ற கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவே இல்லை. மைனஸ் 0.80-க்கும் இதே சிக்கல் உண்டு. அந்த எண் ஆளின் குறையைச் சொல்கிறதா, அவரை ஒதுக்கிவிட்ட முதலாளிகளைச் சொல்கிறதா, அந்த ஊரில் வேலையே இல்லை என்பதைச் சொல்கிறதா? மூன்றும் ஒரே எண்ணுக்குள் கரைந்து கிடக்கின்றன.

இதைப் பிரித்துப் பார்க்க ஆஸ்திரியாவிலேயே ஓர் இடம் இருக்கிறது. அதற்குத் தொண்ணூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

வியன்னாவுக்குத் தென்கிழக்கே கிராமாட்நாய்சீட்ல் என்று ஓர் ஊர். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, அதன் ஒரு பகுதியான மாரியன்தால் என்ற பெயரில்தான் உலகம் அதை அறிந்திருக்கிறது. ஊர் முழுக்க ஒரே பஞ்சாலையை நம்பி இருந்தது. திருப்பூரோ ராஜபாளையமோ பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட ஊரை விளக்கவே வேண்டாம். 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது ஆலை ஒவ்வொரு பிரிவாக மூடத் தொடங்கியது. 1930 தொடக்கத்தில் மொத்தமும் நின்றது. ஊரில் 478 குடும்பங்கள். அவற்றில் முக்கால்வாசிக்கு வருமானம் உதவித்தொகை மட்டும்.

1931-இல் வியன்னாவிலிருந்து ஓர் ஆய்வுக் குழு அங்கே போனது. பால் லாசர்ஸ்ஃபெல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஹான்ஸ் சைசல், சட்டம் படித்தவர். மாரி யஹோடா, அப்போது வயது இருபத்துநாலு சொச்சம், நம்மைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். 1933-இல் வந்த அவர்கள் புத்தகம் இன்றும் சமூகவியல் வகுப்புகளில் பாடம். வெறும் நோட்டுப் புத்தகத்தோடு ஊருக்குள் போய் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று அவர்கள் தங்களுக்கே விதி வைத்துக்கொண்டார்கள். பழைய துணி சேகரித்துக் கொடுத்தார்கள், மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். அதோடு அளந்தார்கள். எதை எல்லாம் அளந்தார்கள் தெரியுமா?

ஊர் நூலகத்தில் எத்தனை புத்தகம் எடுக்கிறார்கள் என்று. வேலையில்லை, நேரம் கொட்டிக் கிடக்கிறது, போதாததற்குப் புத்தகம் எடுக்கக் கட்டணமும் நீக்கிவிட்டார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து படித்திருக்க வேண்டும், இல்லையா? 1929-க்கும் 1931-க்கும் இடையில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

அடுத்தது நடை. முக்கியத் தெருவில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, போகிற வருகிற நூறு பேரைக் கவனித்தார்கள். தெருவைக் கடப்பதற்குள் எத்தனை முறை நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். 68 ஆண்களில் 39 பேர் மூன்று முறையோ அதற்கு மேலோ நின்றார்கள். 32 பெண்களில் அப்படி நின்றவர்கள் மூன்றே பேர். பெண்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாக நடந்தார்கள். காரணம் புரிகிறதா? பெண்களுக்கு ஆலை வேலைதான் போனது, சமையலும் துணியும் குழந்தையும் போகவில்லை. ஆண்களுக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லை. நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னால், காலை எழுந்தது, மதியம் சாப்பிட்டது, இரவு படுத்தது தவிர நடுவில் என்ன நடந்தது என்று அவர்களுக்கே நினைவில்லை.

இன்னொரு சின்ன விவரம், அரசுத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டியது. உதவித்தொகை வாங்குகிறவர் வேறு எதையும் சம்பாதிக்கக் கூடாது என்பது விதி. ஹார்மோனிகா வாசித்துக் கொஞ்சம் காசு வாங்கிய ஒருவருக்கு உதவித்தொகை நின்றது. மரம் வெட்ட உதவிக் கொஞ்சம் விறகு பெற்றவருக்கும் அப்படியே. ஏதாவது செய்து தன்னை உயிர்ப்போடு வைத்துக்கொள்ள முயன்றவரைத்தான் விதி தண்டித்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர் பத்திரமாக இருந்தார்.

யஹோடா பின்னால் இங்கிலாந்தில் வாழ்ந்தபோது இதிலிருந்து ஒரு கருத்தை விரித்தார். வேலை என்பது சம்பளம் மட்டும் தருவதில்லை. நாளைக்கு ஒரு வடிவம் தருகிறது, வீட்டுக்கு வெளியே மனிதர்களைத் தருகிறது, பலர் சேர்ந்து செய்யும் ஒன்றில் நமக்கும் பங்கு தருகிறது, "நான் இன்னார்" என்று சொல்ல ஒரு பெயர் தருகிறது, உடம்பையும் மனதையும் அசைய வைக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து போனால், ஓராண்டு கழித்து நேர்காணலுக்கு வரும் ஆள் வேறு மாதிரித்தான் இருப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஹெச்.ஆர். அதை அவருடைய பிறவிக் குணம் என்று எழுதிக்கொள்வார். அதாவது, மைனஸ் 0.80-இல் ஒரு பெரும் பங்கு அந்த ஆளிடம் முதலில் இருந்ததே இல்லை, வேலையின்மை அவரிடம் வேலை செய்து உண்டாக்கியது. இது என் கணிப்பு. ஆனால் மாரியன்தாலைப் படித்த பிறகு வேறு மாதிரி நினைப்பது கடினம்.

சரி, அப்படியானால் சோதித்துப் பார்க்க வழி ஒன்றுதான். யாரையும் வடிகட்டாமல், தேர்வு வைக்காமல், நீண்டகாலம் வேலையில்லாத எல்லாருக்கும் வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். அதே ஊரில் அதைச் செய்தார்கள். 2020 அக்டோபரில், ஏ.எம்.எஸ்.-இன் கீழ் ஆஸ்திரியக் கிளை, அப்போதைய தலைவர் ஸ்வென் ஹெர்கோவிச் முன்னெடுப்பில், மாரியன்தால் வேலை உத்தரவாதத் திட்டத்தைத் தொடங்கியது.

தேதியைக் கவனியுங்கள். இதற்கு இரண்டு மாதம் முன்பு, 2020 ஆகஸ்டில்தான், ஆஸ்திரியத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த மூன்று குழு அல்காரிதத்துக்குத் தடை போட்டிருந்தது. ஒரே நிறுவனம். தலைமையகம் ஆட்களைத் தரம் பிரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது, கிளை அலுவலகம் தரம் பிரிக்காமல் வேலை கொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தது.

திட்டம் இப்படி. அந்த ஊரில் ஓராண்டுக்கு மேல் வேலையில்லாத யாரும் சேரலாம். கட்டாயம் கிடையாது, மாட்டேன் என்றால் உதவித்தொகை வெட்டும் கிடையாது. முதல் இரண்டு மாதம் தயாரிப்பு: ஆலோசனை, பயிற்சி, தேவைப்பட்டால் மருத்துவ உதவி. பிறகு வேலை. தனியார் நிறுவனம் எடுத்துக்கொண்டால் சம்பளத்தில் பெரும் பங்கை அரசு தரும். அப்படி யாரும் எடுக்கவில்லையா, திட்டமே வேலையை உருவாக்கும். மரப்பட்டறை, பழைய பொருட்களைப் புதுக்கும் பட்டறை, பூங்கா பராமரிப்பு, பழைய கட்டடம் சீரமைப்பு. சம்பளம் தொழிற்சங்க ஒப்பந்தப்படி. முழு நேரம் முடியாதவர்களுக்குப் பகுதி நேரம். ஐம்பது தாண்டிய, உடல்நலம் குன்றிய, பத்து சதவீத வாய்ப்பு என்று சமன்பாடு சொல்லும் அந்தப் பெண்ணுக்கும் இங்கே இடம் உண்டு.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸிமிலியன் காஸி, லூகாஸ் லேனர் இருவரும் இதை மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீட்டு முறையே தனியாக ரசிக்க வேண்டிய விஷயம். எல்லாருக்கும் வேலை என்று அறிவித்த பிறகு, ஒப்பிட ஆளுக்கு எங்கே போவது? முதலில் 62 பேரை எடுத்து, வயது, உடல்நலம், கல்வி போன்றவற்றில் ஒத்துப்போகிறவர்களை 31 ஜோடிகளாக்கினார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் குலுக்கல் போட்டு, ஒருவரை அக்டோபர் 2020-இலும் மற்றவரை பிப்ரவரி 2021-இலும் சேர்த்தார்கள். யாருக்கும் வேலை மறுக்கப்படவில்லை, சிலருக்கு நான்கு மாதம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். அந்த நான்கு மாதம்தான் சோதனைக்கூடம். இரண்டாவதாக, ஒரு கற்பனை ஊரைக் கட்டினார்கள். கீழ் ஆஸ்திரியாவின் வேறு ஊர்களைத் தகுந்த வெயிட்டுகளோடு கலந்து, திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் கிராமாட்நாய்சீட்ல் போலவே நடந்துகொண்ட ஒரு நிழல் ஊர். திட்டம் தொடங்கிய பின் நிஜ ஊரும் நிழல் ஊரும் எங்கே பிரிகின்றன என்று பார்த்தார்கள். மூன்றாவதாக, ஒத்த ஊர்களில் உள்ள ஒத்த நபர்களோடு ஒப்பிட்டார்கள். இதை எல்லாம் செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டார்கள், பின்னால் வசதிக்கு மாற்ற முடியாதபடி.

முடிவு: அந்த ஊரில் நீண்டகால வேலையின்மை ஏறக்குறைய இல்லாமலே போனது. அது ஆச்சரியமில்லை, வேலை கொடுத்தால் வேலையின்மை குறையத்தானே செய்யும். முக்கியமானது மற்றது. வருமானமும் பொருளாதாரப் பாதுகாப்பும் உயர்ந்தன. நாளின் ஒழுங்கு, சமூகத் தொடர்பு, தன்னால் பிறருக்குப் பயன் உண்டு என்ற உணர்வு, அதாவது யஹோடாவின் பட்டியலில் இருந்தவை, தெளிவாக மேலே வந்தன. எல்லாம் மாறிவிடவில்லை. உடல்நலத்தில் மாற்றம் தெரியவில்லை. ரிஸ்க் எடுக்கும் மனப்போக்கிலும் இல்லை. எல்லாமே அருமை என்று வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

செலவு? ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 30,000 யூரோ என்று ஏ.எம்.எஸ். கணக்கிட்டது. அதே ஆள் வேலையில்லாமல் இருந்தால் உதவித்தொகை, காப்பீடு, வராமல் போன வரி எல்லாம் சேர்த்து அரசுக்கு ஆகும் செலவும் ஏறக்குறைய அதே 30,000 யூரோதான் என்பது அவர்கள் வாதம். இந்தக் கணக்கு ஆஸ்திரியா போன்ற, உதவித்தொகை தாராளமான நாட்டில்தான் இப்படிச் சமமாக வரும். உதவித்தொகையே இல்லாத இடத்தில் "சும்மா இருப்பது" அரசுக்கு மலிவு, அந்த ஆளுக்கும் குடும்பத்துக்கும்தான் விலை அதிகம். யாருடைய பேரேட்டில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஆட்சேபங்களும் நியாயமானவையே. ஒரே ஊர், மூவாயிரத்துச் சொச்சம் மக்கள், நூறு பேரை ஒட்டிய பங்கேற்பாளர்கள். இதை ஒரு கோடிப் பேருக்குப் பெருக்கினால் என்ன ஆகும்? பூங்காவைத் திட்டத்துக்காரர்கள் பராமரித்தால், ஏற்கனவே அந்த வேலை செய்துகொண்டிருந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்ன ஆவார்கள்? உருவாக்கிய வேலையிலிருந்து சந்தை வேலைக்கு எத்தனை பேர் நகர்வார்கள்? பட்டறையிலேயே தங்கிவிடுவது தோல்வியா? கடைசிக் கேள்விக்கு என் பதில், இல்லை. சந்தை இருபது வருடமாக எடுக்காத ஒருவர் தினமும் எழுந்து போய் ஒரு மேசையைச் செப்பனிட்டால் அதில் என்ன தோல்வி? ஆனால் மற்ற இரண்டும் உண்மையான கேள்விகள், 62 பேரை வைத்து அவற்றுக்கு விடை சொல்ல முடியாது.

"நம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. வேலை உத்தரவாதம் என்பதில் நாம் ஐரோப்பாவுக்கு முன்னோடி. 2005-இல் இயற்றப்பட்ட நூறு நாள் வேலைச் சட்டம் அப்படி வந்ததுதான், கிராமக் குடும்பங்களுக்கு. ஆனால் அது நீண்டகாலம் வேலையில்லாத படித்தவரை மனதில் வைத்துச் செய்தது அல்ல. அவர்களுக்கென்று தமிழக அரசு தருவது வேலைவாய்ப்பற்ற இளைஞர் உதவித்தொகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். பட்டதாரி என்றால் மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டு வரை, குடும்ப வருமான வரம்போடு. பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. நமக்கு வேலை எப்படியும் கிடைத்துவிடும் என்று அந்த விதியை எழுதியவர் நம்பியிருக்க வேண்டும். பாவம், நல்ல மனிதர். ஐந்து ஆண்டு காத்திருந்தால்தான் உதவி என்பதையும், முதல் எட்டு மாதத்திலேயே அழைப்பு சரியத் தொடங்குகிறது என்ற அமெரிக்கச் சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கிடையே அந்தச் சமன்பாடு என்ன ஆனது? 2020 டிசம்பரில் ஒரு நீதிமன்றம் தடையை நீக்கியது. 2023 டிசம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2021 ஜனவரியில் நாடு முழுக்க வருவதாக இருந்த அமைப்பு, அப்படி வரவே இல்லை. ஆனால் அதே மாதிரி வடிகட்டிகள் கம்பெனிகளின் ரெஸ்யூமே மென்பொருளுக்குள் ஆவணம் எதுவும் வெளியிடாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே அப்படி ஒன்றைக் கட்டும் வேலை நம் பேட்ச் ஆட்களில் சிலருக்கு வரும். டேட்டாசெட்டில் 'கடைசி வேலை முடிந்து எத்தனை மாதம்' என்று ஒரு காலம் இருக்கும். அதைச் சேர்த்தால் அக்யூரசி கூடும், சந்தேகமே வேண்டாம். அந்தக் காலத்தை வைப்பதா எடுப்பதா என்று அன்றைக்குக் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும், அதுவும் புரொபேஷனில் இருக்கும்போது.

மாரியன்தால் திட்டம் 2024 மார்ச்சில் முடிந்தது. தொடர நிதி ஒதுக்கப்படவில்லை. பிரான்சில் இதே எண்ணத்தை வைத்து 2016-இல் சட்டம் போட்டுப் பத்துப் பகுதிகளில் தொடங்கினார்கள், 2020-இல் இன்னொரு சட்டம் போட்டு ஐம்பது பகுதிகளைச் சேர்த்தார்கள். அங்கே பட்டறைகள் நடக்கின்றன.